கவுன்சில் வேலைக்குக் கவுன்சிலர் சிபாரிசு வேண்டுமா?

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் இருக்கும் ஒரு நகரத்திலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

வாசகிக்கு வயது 38. தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் வருவாய்ப் பிரிவில் 8 ஆண்டுகள் வேலை பார்த்தவர். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் வசூலிப்பது, பெயர் மாற்ற மனுக்களைப் பார்ப்பது அவர் வேலை. கணவருக்கு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இங்கே வேலை கிடைத்ததும் ராஜினாமா செய்துவிட்டு டிபெண்டன்ட் விசாவில் வந்திருக்கிறார். வந்த அடுத்த ஆண்டே தைராய்டில் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சையும் தொடர் சிகிச்சையும் நடந்தன. இப்போது நலமாக இருக்கிறார். மாத்திரையும் அவ்வப்போது பரிசோதனையும் மட்டும். இதற்கிடையே சம்பள வேலை இல்லாமல் 4 ஆண்டுகள் போய்விட்டன. சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் கட்டணக் கணக்கைக் கவனித்துக்கொள்கிறார்.

அவர் ஊர் நகர கவுன்சிலின் (நம் நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு) கவுன்சில் டாக்ஸ் பிரிவில், அதாவது வீட்டு வரிப் பிரிவில், ஓர் அலுவலர் இடம் காலி என்று விளம்பரம் வந்திருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. விண்ணப்பிக்க ஆசை, ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “விசாவில் பொது நிதி கூடாது என்று இருக்கிறதே, கவுன்சில் வேலைக்கு எப்படிப் போவாய்?” என்கிறார் தோழி. “ஃப்ளூயன்ட் இங்கிலீஷ் கேட்கிறார்கள், நம் உச்சரிப்புக்கு ஒத்துவராது” என்கிறார் இன்னொருவர். குடும்ப நண்பர் ஒருவர், தமக்குத் தெரிந்த கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதாக முன்வந்திருக்கிறார். அக்கா மகன் செயற்கை நுண்ணறிவு செயலியில் விண்ணப்பக் கட்டுரையை எழுதித் தந்துவிட்டான். நோயைப் பற்றிச் சொல்வதா மறைப்பதா என்பது அவருடைய பெரிய பயம். கடைசியாக, கணவரின் கேள்வி ஒன்று: “ஐந்து வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டால் பென்ஷனுக்குக் கட்டிய பணமெல்லாம் வீண்தானே?”

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சொல்லத் தோன்றியது இதுதான்: நீங்கள் தாராளமாக விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். கவுன்சில் டாக்ஸ் பிரிவு தேடுவது உங்களைப் போன்றவரைத்தான். ஆனால் உங்களுக்குக் கிடைத்த யோசனைகளில் ஒன்று உங்கள் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடக்கூடியது. முதலில் விசாவை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

விசா தடையாக இல்லை

“பொது நிதி கூடாது” என்ற நிபந்தனையைப் பார்த்து நம்மவர்கள் பலர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். குடிவரவுச் சட்டத்தில் பொது நிதி என்றால், யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், கவுன்சில் வீட்டு ஒதுக்கீடு போன்று பட்டியலிடப்பட்ட உதவிகள். வேலை பார்த்து வாங்கும் சம்பளம் அந்தப் பட்டியலில் வராது. சம்பளம் தருவது கவுன்சிலா, மருத்துவமனையா, தனியார் கம்பெனியா என்பதால் எதுவும் மாறாது.

இன்னொன்று. ஸ்கில்டு ஒர்க்கர் விசாக்காரரின் மனைவியாக வந்திருக்கும் உங்களுக்குக் கவுன்சில் ஸ்பான்சர் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தொழில்முறை விளையாட்டு வீரர், பயிற்சியாளர் வேலை தவிர மற்ற வேலைகளுக்கு உங்கள் விசாவே அனுமதி தருகிறது. விண்ணப்பப் படிவத்தில் ஸ்பான்சர்ஷிப் வேண்டுமா என்று கேட்டிருந்தால் “வேண்டாம்” என்று குறியுங்கள். அந்த இடத்தில் தவறாக “ஆம்” என்று குறித்ததாலேயே தகுதியுள்ளவர்கள் முதல் சுற்றில் வெளியே போயிருக்கிறார்கள்.

வேலை செய்யும் உரிமையைக் காட்ட, உங்கள் இ-விசா கணக்கிலிருந்து ஷேர் கோட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அது எழுத்தும் எண்ணும் கலந்த 9 இலக்கக் குறியீடு. 90 நாள் செல்லும். கையில் பழைய பிஆர்பி அட்டை (பயோமெட்ரிக் குடியிருப்பு அட்டை) இருந்தால் அதை நம்பி இருக்காதீர்கள், இப்போது அது சான்றாக எடுபடாது. கணக்கு திறக்கிறதா, உங்கள் பாஸ்போர்ட் எண் சரியாக இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். விசா இரண்டு ஆண்டில் முடிகிறதே, நிரந்தர வேலை தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தரலாம். விசா முடியும் நேரத்தில் மறுபடி ஒரு முறை சரிபார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கவுன்சிலரிடம் போகாதீர்கள்

உங்கள் குடும்ப நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஊரில் வார்டு உறுப்பினரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நமக்குப் பழகிய வழி. இங்கே அதே காரியம் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யக் காரணமாகிவிடும். கவுன்சிலர் ஒருவரின் ஆதரவை நேரடியாகவோ இன்னொருவர் வழியாகவோ தேடும் விண்ணப்பதாரரைத் தகுதிநீக்கம் செய்யலாம் என்பது பெரும்பாலான கவுன்சில்களின் விதிமுறைகளில் எழுதியே இருக்கும். விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்து உறுதிமொழியை நிதானமாகப் படித்துப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். “இன்னொருவர் வழியாக” என்பதைக் கவனியுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் நண்பர் பேசினாலும் அது உங்கள் தலையில்தான் விடியும்.

சட்டமும் தெளிவாகத்தான் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் உள்ளாட்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்பின் ஒவ்வொரு நியமனமும் தகுதியின் அடிப்படையில்தான் நடக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 2001-இல் வந்த நிலை ஆணை விதிமுறைகளின்படி, உயர் அதிகாரிகளுக்குக் கீழே உள்ள பணியிடங்களுக்கு ஆள் எடுப்பது தலைமை நிர்வாகி அல்லது அவர் பொறுப்பு ஒப்படைத்த அலுவலர்களின் வேலை. கவுன்சிலர்களுக்கு அதில் இடம் கிடையாது. ஆக, அந்தக் கவுன்சிலரால் உங்களுக்கு உதவவும் முடியாது, கெடுதல் மட்டும் வரலாம். நண்பரிடம் இன்றே போன் செய்து, யாரிடமும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருத்தப்படுவார், பரவாயில்லை.

படிவத்தில், கவுன்சிலர் யாராவது அல்லது கவுன்சிலின் உயர் அலுவலர் யாராவது உறவினரா, நெருங்கியவரா என்று கேட்பார்கள். உண்மையில் அப்படி உறவு இருந்தால் எழுதிவிடுவதால் தீங்கில்லை. மறைத்தால்தான் வேலை கிடைத்த பிறகும் போகும். நண்பருக்குத் தெரிந்தவர் என்பது உறவாகாது.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, நம்மவர்கள் கூச்சப்பட்டு விட்டுவிடுவது. விளம்பரத்தின் அடியில், இந்த வேலையைப் பற்றி மேலும் அறிய இன்னாரைத் தொடர்புகொள்ளலாம் என்று ஒரு பெயரும் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அவர்தான் அந்தப் பிரிவின் மேலாளராக இருப்பார். அவரைக் கூப்பிட்டுப் பேசுவது முறைகேடு ஆகாது, அதற்காகத்தான் எண்ணையே போட்டிருக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை அழைப்புகள் வரும், வேலையில் எந்தப் பகுதி கடினம், புதிதாக வருபவருக்கு என்ன பயிற்சி தருகிறார்கள் என்று இரண்டு மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில், விண்ணப்பத்தில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மதிப்பெண் எதற்குப் போடுகிறார்கள்

இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். வேலை கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது.

விளம்பரத்தோடு இரண்டு தாள்கள் இணைத்திருப்பார்கள். ஒன்று வேலையின் விவரம். மற்றது பர்சன் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது இந்த வேலைக்கு வருபவரிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். அதில் சில கட்டாயம் என்றும், சில இருந்தால் நல்லது என்றும் பிரித்திருப்பார்கள். விண்ணப்பங்களைப் பார்ப்பவர்கள் இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அம்சத்துக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். பரீட்சை விடைத்தாள் திருத்துவது போலத்தான்: எழுதியிருப்பதற்கு மட்டும் மதிப்பெண். எட்டு வருடம் வரிப் பிரிவில் இருந்தவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று அவர்களாக ஊகித்து மதிப்பெண் போட மாட்டார்கள், போடவும் கூடாது.

அக்கா மகன் எழுதித் தந்த கட்டுரையை அனுப்பியிருந்தீர்கள். ஆங்கிலம் வழுவழுப்பாக இருக்கிறது. “மக்கள் சேவையில் ஆழ்ந்த ஈடுபாடு”, “குழுவாகப் பணியாற்றும் திறன்”, எல்லாம் இருக்கிறது. நீங்கள் மட்டும் அதில் இல்லை. அதே விளம்பரத்துக்கு அதே செயலியில் எழுதிய இன்னும் பல கட்டுரைகள் அந்த மேலாளரின் மேசைக்குப் போகும். இலக்கணத்தைச் சரிபார்க்கச் செயலியைப் பயன்படுத்துங்கள், அதில் தவறில்லை. கவுன்சில் அதைப் பற்றி ஏதாவது விதி போட்டிருந்தால் மட்டும் அதன்படி நடந்துகொள்ளுங்கள். ஆனால் நடந்ததை நீங்கள்தான் எழுத முடியும்.

எப்படி எழுதுவது? பட்டியலில் உள்ள அம்சங்களையே தலைப்புகளாக வைத்து, அதே வரிசையில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சம்பவம் எழுதுங்கள். என்ன சூழ்நிலை, அதில் உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று. இந்த நான்கும் இருந்தால் போதும்.

உங்கள் கடிதத்திலிருந்தே ஓர் உதாரணம் எடுக்கிறேன். பட்டியலில் ஓர் அம்சம், கோபத்திலோ மன உளைச்சலிலோ இருக்கும் மக்களிடம் பேசி விஷயத்தைத் தீர்த்துவைத்த அனுபவம். நீங்கள் முதலில் எழுதிய வரி: “பொதுமக்களைக் கையாள்வதில் எனக்கு 8 ஆண்டு அனுபவம் உண்டு.” இதற்குப் பெரிதாக மதிப்பெண் கிடைக்காது. ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருந்தீர்கள். அப்பா இறந்து பல வருடம் ஆன பிறகும் வரிக் கேட்பு அவர் பெயரிலேயே வருகிறது என்று ஒரு பெண்மணி கவுன்டரில் கத்தினார். பழைய நிலுவையும் சேர்ந்திருந்தது. நீங்கள் அவரை உட்காரவைத்து, இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எங்கே வாங்குவது என்று எழுதிக் கொடுத்து, நிலுவைக் கணக்கைப் பிரித்துக் காட்டி, மேலதிகாரியிடம் கேட்டு அதைத் தவணையில் கட்ட ஏற்பாடு செய்து, பெயரை மாற்றிக் கொடுத்தீர்கள். அவர் தவணை தவறாமல் கட்டி முடித்தார்.

இதைத்தான் எழுத வேண்டும்! இங்கே கவுன்சில் டாக்ஸ் அலுவலகத்துக்கு நாள்தோறும் வருவதும் இதே மாதிரி அழைப்புகள்தான். கணவர் இறந்துவிட்டார், இன்னும் இருவர் பெயரில் பில் வருகிறது. வாடகைக்கு இருந்தவர் காலி செய்துவிட்டார், யார் கட்டுவது? வேலை போய்விட்டது, இந்த மாதத் தவணை கட்ட முடியவில்லை. உங்கள் சம்பவத்தை அவர்கள் படித்தால், இவர் இந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவர் என்று சொல்லாமலே புரியும்.

“அங்கே செய்த வேலை இங்கே எடுபடுமா” என்ற உங்கள் தயக்கத்துக்கும் இதுவே பதில். பட்டியலில் “பிரிட்டனில் அனுபவம்” என்று கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் அப்படி எதுவும் இல்லை. வருவாய் வசூல், கணினிப் பதிவு, ரகசியத் தகவலைப் பாதுகாத்தல், மக்கள் தொடர்பு, இவைதான் இருக்கின்றன. நான்குமே உங்களிடம் உண்டு. பதவிப் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது இங்கே யாருக்கும் விளங்காது. எத்தனை வீடுகள் உங்கள் பொறுப்பில் இருந்தன, ஆண்டுக்கு எவ்வளவு வசூல், நிலுவை எவ்வளவு குறைந்தது என்று எண்களோடு எழுதுங்கள். பட்டப்படிப்பு கேட்டிருந்தால், உங்கள் பட்டம் இங்கே எந்த நிலைக்குச் சமம் என்ற சான்றை யூகே எனிக் அமைப்பிடம் வாங்கலாம். கேட்காவிட்டால் இப்போது அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

தமிழ்ப் பள்ளி வேலையை “சும்மா உதவி” என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சும்மா இல்லை. இந்த நாட்டில், சமீபத்தில், பணக் கணக்கு ஒழுங்காக வைத்திருந்த அனுபவம் அது. இன்னொரு முக்கியமான பயனும் உண்டு. வேலை உறுதியாகும் முன் ரெஃபரன்ஸ் கேட்பார்கள், அதுவும் பெரும்பாலும் கடைசி சில ஆண்டுகளுக்கு. நகராட்சியில் உங்கள் மேலதிகாரி ஒருவர், தமிழ்ப் பள்ளியின் தலைமைப் பொறுப்பாளர் ஒருவர் என்று இரண்டு பேரிடம் இப்போதே சம்மதம் வாங்கிவையுங்கள். உறவினர் பெயரைக் கொடுக்காதீர்கள்.

நோயைப் பற்றி

நீங்கள் நான்கு பக்கம் எழுதியதில் ஒன்றரைப் பக்கம் இதைப் பற்றியது. எவ்வளவு நாளாக மனதில் வைத்துக் கலங்கியிருக்கிறீர்கள் என்று புரிகிறது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை விளக்கமாகச் சொல்கிறேன்.

2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, புற்றுநோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே ஒருவர் மாற்றுத்திறனாளிக்குரிய பாதுகாப்பைப் பெறுகிறார். நடக்க முடிகிறதா, வேலை செய்ய முடிகிறதா என்றெல்லாம் நிரூபிக்க வேண்டியதில்லை. குணமாகிவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு தொடரும், ஏனென்றால் கடந்த காலத்தில் இருந்த நிலைக்கும் சட்டம் பொருந்தும். “எனக்குத்தான் சரியாகிவிட்டதே, படிவத்தில் மாற்றுத்திறனாளி என்ற கட்டத்தில் டிக் செய்தால் பொய் ஆகாதா” என்று கேட்டிருந்தீர்கள். பொய் ஆகாது.

அதே சட்டத்தின் 60-ஆம் பிரிவு, வேலை தருகிறோம் என்று சொல்வதற்கு முன்னால் விண்ணப்பதாரரின் உடல்நிலையைப் பற்றி விசாரிப்பதைத் தடுக்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு: இன்டர்வியூவுக்கு வர ஏதாவது வசதி தேவையா என்று கேட்கலாம், வேலையின் அடிப்படைக்கே தேவையான ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். ஆனால் “உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா? எத்தனை நாள் லீவு எடுத்தீர்கள்?” என்று இன்டர்வியூவில் கேட்க முடியாது. வேலை தருவதாகச் சொன்ன பிறகு ஆக்குபேஷனல் ஹெல்த் படிவம், அதாவது உங்கள் உடல்நிலையைக் கேட்கும் படிவம், வரும். அப்போது உண்மையை எழுத வேண்டும்.

சரி, அப்படியானால் இப்போது சொல்வதா வேண்டாமா? இதில் உங்களுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. பல கவுன்சில்கள் டிசெபிலிட்டி கான்ஃபிடன்ட் திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன. விளம்பரத்திலோ வேலைவாய்ப்புப் பக்கத்திலோ அந்த முத்திரை இருக்கும். கட்டாயத் தகுதிகளை நிறைவுசெய்யும் மாற்றுத்திறனாளி விண்ணப்பதாரருக்கு இன்டர்வியூ தருவதாக அந்தத் திட்டத்தின் கீழ் உறுதி தருகிறார்கள். விண்ணப்பங்கள் மிக அதிகமாக வந்தால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம் என்றாலும், நான்கு ஆண்டு இடைவெளியோடு வரும் உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு. படிவத்தில் அந்தத் திட்டத்தின் கீழ் பரிசீலிக்கலாமா என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. என் கருத்தைக் கேட்டால், டிக் செய்யுங்கள் என்பேன். மனம் ஒப்பவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதனால் எந்த விதியையும் நீங்கள் மீறியவர் ஆக மாட்டீர்கள்.

இடைவெளியை விளக்க ஒரு வரி போதும்: “குடும்பத்தோடு பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தேன், உடல்நலக் காரணத்தாலும் குழந்தை வளர்ப்பாலும் வேலையிலிருந்து இடைவெளி எடுத்தேன், இப்போது முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்.” ‘உடல்நலக் காரணத்தாலும்’ என்ற சொற்கள்கூட உங்கள் விருப்பம்தான். கற்பனையாக ஒரு வேலையை இட்டு இடைவெளியை நிரப்ப மட்டும் முயலாதீர்கள். பொய் கண்டுபிடிக்கப்பட்டால் வேலைக்குச் சேர்ந்த பிறகும் நீக்கலாம்.

உச்சரிப்பும் பெயரும்

ஃப்ளூயன்ட் இங்கிலீஷ் என்பது கவுன்சில் தன் இஷ்டத்துக்குப் போட்ட நிபந்தனை அல்ல. பொதுத்துறையில் மக்களோடு நேரில் அல்லது போனில் பேசும் வேலையில் இருப்பவர்கள் சரளமாக ஆங்கிலம் பேச வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் 7-ஆம் பகுதி சொல்கிறது. வேல்ஸில் வெல்ஷ் மொழியும் ஏற்கப்படும். அந்தச் சட்டத்துக்கான நடைமுறைத் தொகுப்பு ஒன்றை அரசு வெளியிட்டிருக்கிறது. உச்சரிப்பு, வட்டார வழக்கு இவற்றை வைத்து ஒருவரின் சரளத்தை மதிப்பிடக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. கேட்பது புரிந்து, திருத்தமாக, தயங்காமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. உச்சரிப்பைக் காரணம் காட்டி ஒதுக்கினால் அது இனப் பாகுபாடாகிவிடக்கூடும்.

பெயரைச் சுருக்கி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்து ஒதுக்குவது இந்த நாட்டில் நடப்பதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பல கவுன்சில்கள் முதல் சுற்றில் பெயரை மறைத்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுகின்றன. இனம், மதம், வயது கேட்கும் கண்காணிப்புப் படிவமும் தேர்வு செய்பவர்களிடம் போகாது. புள்ளிவிவரத்துக்காகத் தனியே பிரித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுதுங்கள். பின்னால் ஷேர் கோட், சான்றிதழ், ரெஃபரன்ஸ் எல்லாம் ஒத்துப்போக அதுதான் வசதி.

இன்டர்வியூவுக்கு அழைத்தால் உள்ளூர் வரி முறையைக் கொஞ்சம் படித்துக்கொண்டு போங்கள். கவுன்சில் டாக்ஸ் வந்தது 1993-இல். இங்கிலாந்தில் வீடுகளை 1991 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பின்படி ஏ முதல் எச் வரை பிரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு பெரியவர் வசித்தால் 25 சதவீதம் தள்ளுபடி. தவணை தவறினால் நினைவூட்டல், பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கடன் பொறுப்பாணை, அதாவது பாக்கியைக் கட்டியாக வேண்டும் என்ற ஆணை. வருமானம் குறைந்தவர்களுக்கு உதவ ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு குறைப்புத் திட்டம் உண்டு. உங்கள் ஊர்த் திட்டத்தை அவர்கள் தளத்திலேயே படிக்கலாம். சொத்து வரி பார்த்தவருக்கு இது ஒரு மாலைநேர வாசிப்புதான்.

திவால் செய்தியும் பென்ஷனும்

கவுன்சில்களெல்லாம் திவாலாகிக்கொண்டிருக்கின்றன, அங்கே போய்ச் சேர்வதா என்றும் யாரோ சொல்லியிருக்கிறார். 2023 செப்டம்பரில் பர்மிங்ஹாமும் நவம்பரில் நாட்டிங்ஹாமும் 114-ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டது உண்மை. செலவுக்கு வரவு போதவில்லை என்று நிதிப் பொறுப்பாளர் விடுக்கும் அறிவிப்பு அது. சட்டப்படி தேவையில்லாத புதிய செலவுகள் நிற்கும். ஒரு கம்பெனி திவாலாகி இழுத்து மூடுவது போல ஒரு கவுன்சில் மூடப்படுவதில்லை. ஊழியர் சம்பளமும் கட்டாயச் சேவைகளும் தொடரும். ஆனால் ஆட்குறைப்பு நடக்கும், காலியிடங்களை நிரப்பாமல் வைப்பார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. வரி வசூல் செய்யும் பிரிவை நிதி நெருக்கடியிலும் சுலபமாகக் குறைக்க முடியாது என்பது உங்களுக்குச் சாதகம். விளம்பரம் நிரந்தர வேலைக்கா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமா என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். உள்ளாட்சி ஓய்வூதியத் திட்டத்தில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், சம்பளத்துக்கு ஏற்ப 5.5 முதல் 12.5 சதவீதம் வரை நீங்கள் கட்டுவீர்கள். கவுன்சிலும் தன் பங்கைக் கட்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டுச் சம்பளத்தின் 49-இல் ஒரு பங்கு உங்கள் ஆண்டு ஓய்வூதியத்தில் சேரும், விலைவாசிக்கு ஏற்ப அது உயர்த்தப்படும். இரண்டு ஆண்டு முடியும் முன் விலகினால், பொதுவாக, நீங்கள் கட்டியதை வரி போகத் திரும்பப் பெறலாம். அதற்கு மேல் இருந்தால் அது உங்கள் பெயரில் இருக்கும். ஊருக்குப் போய்விட்டாலும் உரிய வயதில் உங்களுக்கு வரும். முகவரி மாறினால் ஓய்வூதிய நிதியத்துக்குத் தெரிவித்துக்கொண்டே இருங்கள், அதுதான் முக்கியம். மாதம் பிடிப்பது பாரமாக இருந்தால், பாதி கட்டிப் பாதி ஓய்வூதியம் சேர்க்கும் வழியும் உண்டு. இதை விட்டு வெளியேறச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இந்த முறை கிடைக்காவிட்டால்

எல்லாம் சரியாகச் செய்தும் கிடைக்காமல் போகலாம். கவுன்சிலுக்குள்ளேயே வேலை போகும் நிலையில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கலாம், உங்களைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் வாங்கியவர் ஒருவர் இருந்திருக்கலாம். அப்போது எழுத்தில் கருத்துக் கேளுங்கள்: எந்த அம்சத்தில் எவ்வளவு மதிப்பெண், எங்கே குறைந்தது என்று. பெரும்பாலும் சொல்வார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களைப் பற்றிய குறிப்புகளையும் மதிப்பெண் தாளையும் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு; சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

நோயையோ இனத்தையோ காரணமாக வைத்து ஒதுக்கினார்கள் என்று நியாயமான சந்தேகம் வந்தால், வேலையில் சேராத விண்ணப்பதாரரும் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதல் படி, வேலைத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உதவும் ஏகாஸ் அமைப்பின் சமரசம். அதற்குக் கட்டணம் இல்லை. காலக்கெடு மாதக் கணக்கில்தான் இருக்கிறது, அதனால் சந்தேகம் வந்தவுடன் ஆலோசனை கேளுங்கள், ஆறப்போடாதீர்கள். ஆனால் ஒரு முறை நிராகரித்ததையே பாகுபாட்டுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மதிப்பெண் தாளைப் பார்த்த பிறகு முடிவுசெய்வோம்.

இடையில் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாகவும் கவுன்சிலுக்குள் போகலாம். மார்ச் மாதத்தில் ஆண்டு பில்கள் போகும்போது வரிப் பிரிவுகளில் கூட்டம் அலைமோதும், அப்போது கூடுதல் ஆள் தேடுவார்கள். ஒரே இடத்தில் 12 வாரம் வேலை பார்த்துவிட்டால், அதே வேலையில் நேரடியாகச் சேர்ந்தவருக்குரிய அடிப்படைச் சம்பளத்தைக் கேட்கும் உரிமை ஏஜென்சி ஊழியருக்கு உண்டு.

இந்த 12 நாளில் முதல் மூன்றை மேலாளரோடு பேசவும் சம்பவங்களை எழுதவும் வையுங்கள். முதலில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள், பிறகு ஆங்கிலத்தில் கொண்டுவரலாம். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். விளம்பரத்தையும் அந்த இரண்டு தாள்களையும் இன்றே சேமித்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி முடிந்ததும் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், இன்டர்வியூவில் கேள்வி வரப்போவது அதே பட்டியலிலிருந்துதான்.